விண்டோஸ் 11-ல் பழைய பில்லிங் புரோகிராம்: டிரைவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்

ஹார்டுவேர் கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பல வருடங்களுக்கு முன் விபி6 என்ற பழைய புரோகிராம் மொழியில் எழுதி வாங்கிய பில்லிங் புரோகிராம் எங்களுடையது. எழுதிக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை. விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் தள்ளாடுவதால் விண்டோஸ் 11 உள்ள புதியது வாங்கினோம். புரோகிராமைத் திறந்தால் 'டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட்' என்று வருகிறது. ஓடிபிசி பட்டியலில் ஆக்சஸ் டிரைவரே இல்லை. டிரைவர் வாங்கிப் போட 8,000 ரூபாய் ஆகும், இல்லையென்றால் விண்டோஸ் 7 போட்டுத் தருகிறேன் என்கிறார் சர்வீஸ் செய்பவர். என்ன செய்யலாம்?"

அந்த 8,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். நீங்கள் தேடும் ஆக்சஸ் டிரைவர், அதாவது உங்கள் பில்லிங் டேட்டாவைப் படிக்க உதவும் சிறு மென்பொருள், உங்கள் புதுக் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. விண்டோஸோடு சேர்ந்து இலவசமாக வந்தது. நீங்கள் பார்த்த பட்டியல்தான் வேறு.

விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே வருகிறது. உங்கள் புரோகிராம் 32 பிட், அதாவது பழைய தலைமுறை. அது ஓடும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் புரோகிராமை டேட்டாபேஸோடு இணைக்கும் ஓடிபிசி அமைப்பு 32, 64 என்ற இரண்டு வகைக்கும் தனித்தனியாக இருக்கிறது. 64 பிட் பக்கம் திறந்தால் புதுக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் எஸ்க்யூஎல் சர்வர் டிரைவர் ஒன்றுதான் தெரியும். ஆக்சஸ் டிரைவர் 32 பிட் பக்கத்தில் இருக்கிறது.

ஸ்டார்ட் மெனுவில் ஓடிபிசி என்று ஆங்கிலத்தில் தட்டினால் இரண்டு வரும். 32 பிட் என்று போட்டிருப்பதைத் திறங்கள். ஃபோல்டர் வழியாகப் போகிறவர்களுக்குத்தான் தலைவலி. சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட் கருவி. சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பது 32 பிட் கருவி. இரண்டு கருவிக்கும் ஃபைல் பெயர் ஒன்றே, அதன் கடைசியிலும் 32 என்றே இருக்கிறது! பழைய புரோகிராம்கள் உடையக் கூடாது என்பதற்காக மைக்ரோசாஃப்ட் இப்படி வைத்தது என்பது உண்மைதான். ஆனால் இத்தனை வருடம் கழித்தும், 'உன் புரோகிராம் 32 பிட், அந்தப் பக்கம் பார்' என்று ஒரு வரி எழுதிக் காட்ட அந்தப் பிழைச் செய்திக்கு என்ன கஷ்டம்? அந்த ஒரு வரி இல்லாததால்தான் உங்களிடம் 8,000 கேட்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் எம்டிபி ஃபைலை (உங்கள் பில் டேட்டா முழுவதும் இருக்கும் ஆக்சஸ் ஃபைல்) ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள். பழைய கம்ப்யூட்டரில் ஓடிபிசியைத் திறந்து, டிஎஸ்என் பெயரை (டேட்டா சோர்ஸ் நேம், புரோகிராம் டேட்டாவைத் தேடும் பெயர்) எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். புதியதில் 32 பிட் கருவியில் 'சிஸ்டம் டிஎஸ்என்' பக்கத்துக்குப் போய் 'ஆட்' கொடுங்கள். பட்டியலில் ஆக்சஸ் டிரைவர் ஆங்கிலம், ஜெர்மன், போர்ச்சுகீஸ் என்று மூன்று மொழிப் பெயர்களில் வரும். பயப்பட வேண்டாம், வைரஸ் இல்லை. ஆங்கிலப் பெயரில், எம்டிபி என்று முடிவதைத் தேர்ந்தெடுத்து, குறித்துவைத்த பெயரைக் கொடுத்து, ஃபைலைக் காட்டுங்கள். பில்லிங் திறந்துவிடும்.

திறந்த பிறகு ஒரு சிக்கல் வரலாம். இதை யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய புரோகிராம்கள் பல, டேட்டா ஃபைலை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். இப்போதைய விண்டோஸ் அங்கே எழுத விடாது. எழுதவில்லை என்று சொல்லவும் செய்யாது. அப்போது லாகின் செய்திருப்பவரின் கணக்குக்குள் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற மறைவான இடத்தில் ஒரு நகல் எடுத்து அதில் எழுதிவிடும். நீங்கள் போட்ட பில் உங்கள் மகன் லாகினில் இருக்காது. கடையில் இரண்டு கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். யாராவது வந்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால் புரோகிராம் மூல ஃபைலைப் படிக்கும். ஒரு மாத பில் காணாமல் போனது போலத் தெரியும். டேட்டா அழிந்துவிட்டது, மீட்டுத் தருகிறேன் என்று அடுத்த பில் போடுவார்கள். எதுவும் அழியவில்லை, விர்ச்சுவல் ஸ்டோரில் இருக்கிறது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், ஆரம்பத்திலேயே டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு எம்டிபியை அங்கே வையுங்கள். எல்லா லாகினுக்கும் அந்த ஃபோல்டரில் எழுதும் அனுமதி கொடுத்து, டிஎஸ்என்னில் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

விண்டோஸ் 7 யோசனையை அடியோடு விடுங்கள். 2020 ஜனவரியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அவர் போடப்போவது திருட்டுக் காப்பியாக இருந்தால் அதனுடன் என்னென்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. 'டிரைவர் பேக்', இலவச டிஎல்எல் என்று கொடுக்கும் தளங்கள் பக்கமும் போகாதீர்கள். ஓசிஎக்ஸ் என்ற துணை ஃபைல் இல்லை என்று பிழை வந்தால்கூட, புரோகிராமோடு வந்த பழைய சிடியில் உள்ள செட்டப்பை ஓட்டுங்கள். ஆக்சஸ் டேட்டாபேஸ் என்ஜின் 64 பிட் போடச் சொல்வார்கள். அது உங்கள் 32 பிட் புரோகிராமின் கண்ணுக்கே தெரியாது.

ரிமோட்டில் வந்து சரிசெய்கிறேன் என்பவருக்குப் பாஸ்வேர்டு கொடுக்கும் முன் யோசியுங்கள். அந்த ஒரு ஃபைலில் உங்கள் வாடிக்கையாளர் பெயர், ஃபோன் நம்பர், யார் எவ்வளவு பாக்கி என்பது வரை இருக்கிறது. உள்ளூர்க்காரரைக் கூப்பிட்டால், 32 பிட் ஓடிபிசியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தெரிந்தவர் என்றால் நிமிடத்தில் திறப்பார். இந்த வேலைக்கு ஒரு விசிட் சார்ஜ் நியாயம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ரூபாய்க்கு ஒரு சோதனை பில் போடுங்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, மகன் லாகினில் திறந்து அந்த பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த பில்லை ரத்து செய்துவிட்டு வியாபாரத்தைத் தொடங்கலாம். அதுவரை பழைய கம்ப்யூட்டரை யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.