பிரிஜிட் என்னும் பெயர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்துப் பஞ்சம் பற்றிய கட்டுரையில், அமெரிக்கப் பணக்கார வீடுகளில் ஐரிஷ் வேலைக்காரி என்றாலே 'பிரிட்ஜெட்' என்று அழைத்தார்கள் என எழுதியிருந்தீர்கள். நான் படித்தது கொழும்பு புனித பிரிட்ஜெட் கன்னியர் மடத்தில். எங்களுக்கு அவர் பீடத்தில் நிற்கும் புனிதர். அந்தப் பெயர் எப்படி அடுப்படிக்குப் போனது? வரலாற்றில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் உண்டா?

எஸ்., கொழும்பு

அன்புள்ள எஸ்,

உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ படித்த பள்ளியும் அதுதான். ஆனால் நீங்கள் கேட்டது பெயரைப் பற்றி.

பிரிஜிட் என்பதன் ஆங்கில வடிவம்தான் பிரிட்ஜெட். அயர்லாந்தின் கில்டேரில் மடம் நிறுவிய புனித பிரிஜிட்டின் காலம், மரபுப்படி, 451 முதல் 525 வரை. அதே பெயரில் கவிஞர்கள் வணங்கிய ஒரு தெய்வமும் அயர்லாந்தில் இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் கில்டேருக்குச் சென்ற ஜெரால்ட் என்ற வேல்ஸ் பாதிரியார், அங்கே அணையாமல் எரிந்த நெருப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். 19 கன்னியர் முறைவைத்துக் காப்பார்களாம். இருபதாம் இரவு புனிதரே வந்து பார்த்துக்கொள்வாராம். ஆண்கள் வேலியைத் தாண்டக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், பழைய வரலாற்றில் இந்தப் பெயரோடு நம் கண்ணில் படுபவர்கள் ஆண்கள். பிரிஜிட்டின் அடியான் என்ற பொருளில் மேல் பிரிக்டே என்று வைத்துக்கொண்டார்கள். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் தன்னை ஓர் அறைக்குள் அடைத்துக்கொண்டு உலக வரலாறு எழுதிய துறவி மரியானுஸின் (1028–1082) ஐரிஷ் பெயர் அதுதான். ஸ்காட்லாந்தின் மோரேயிலும் ஒரு மேல் பிரிக்டே இருந்தான். ஆர்க்னித் தீவுத் தலைவன் சிகர்ட் அவன் தலையை வெட்டிச் சேணத்தில் கட்டிக்கொண்டு போக, செத்த தலையின் பல் காலில் கீறிச் சீழ்பிடித்து சிகர்ட்டும் செத்தான் என்கிறது ஸ்காண்டிநேவியரின் பழைய நார்ஸ் கதை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

பின்னாளில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பங்களில் இது பெண்பிள்ளைகளின் பெயராகப் பரவியது. 1845இல் தொடங்கிய பஞ்சத்திற்குப் பிறகு கப்பலேறிய பெண்களில் பிரிட்ஜெட்டுகள் ஏராளம். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் அவர்களுக்குக் கிடைத்தது வீட்டு வேலை. தட்டை உடைத்து எஜமானியை மிரட்டும் முரட்டுச் சமையற்காரிக்குக் கேலிச்சித்திரக்காரர்கள் அந்தப் பெயரையே சூட்டினார்கள். கூச்சப்பட்டுப் பலர் டெலியா என்று மாற்றிக்கொண்டார்கள்.

நான் அதிகம் நினைப்பது பிரிட்ஜெட் கிளியரியைத்தான். அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டம், பாலிவாட்லி என்ற சிற்றூர். தையற்காரி, சொந்தத் தையல் இயந்திரம் வைத்திருந்தாள், கோழி வளர்த்து முட்டை விற்றாள். கையில் தன் காசு புழங்கிய பெண். 1895 மார்ச்சில் நோயில் விழுந்தாள். மருத்துவரும் பாதிரியாரும் வந்து பார்த்தார்கள். கணவன் மைக்கேலோ, குன்றுக்குள் வாழும் மாயக்கூட்டம் மனைவியைக் கவர்ந்துகொண்டு வேறொன்றைப் படுக்கையில் கிடத்தியிருக்கிறது என்றான். தகப்பனும் உறவினர்களும் இருந்த வீட்டிலேயே அவளைப் பிடித்து அழுத்தி மூலிகைச் சாறு புகட்டினார்கள். மறுநாள் இரவு அவன் அவளை எரித்துவிட்டான். ஒரு வாரம் கழித்து உடல் அருகிலேயே ஒரு குழியில் கிடைத்தது. கொலைக்குற்றம் நிற்கவில்லை, அதற்கும் குறைந்த குற்றத்திற்கு 20 ஆண்டுத் தண்டனை. 15 ஆண்டுகளில் வெளியே வந்து கனடாவுக்குப் போய்விட்டான். அயர்லாந்தின் சுயாட்சியை எதிர்த்த பத்திரிகைகளுக்கோ இது அரசியல் தீனி. இப்படிப்பட்ட மூடர்களிடமா ஆட்சியைக் கொடுப்பது என்று கேட்டன. செத்தவளைப் பற்றி அந்தக் கேள்வியில் எதுவும் இல்லை.

2023 முதல் பிப்ரவரித் தொடக்கத்தில் புனித பிரிஜிட் பெயரில் அயர்லாந்தில் பொது விடுமுறை விடுகிறார்கள். ஒரு பெண்ணின் பெயரில் அங்கே வந்த முதல் பொது விடுமுறை. இவ்வளவு தாமதமா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். ஐரிஷ் வம்சாவளித் தந்தைக்கு லண்டனில் பிறந்த எழுத்தாளர் பிரிஜிட் புரோஃபி. நூலகத்தில் புத்தகம் இரவல் போனால் எழுத்தாளருக்குப் பணம் தர வேண்டும் என்று பிரிட்டனில் விடாமல் போராடினார். 1979இல் சட்டம் வந்தது. எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில், அற்புதங்கள் செய்த புனிதரைவிட இவர்மேல் எனக்குப் பிரியம் சற்று அதிகம். உங்கள் பள்ளிக் கன்னியர் மன்னிப்பார்களாக.