முதலில் சாந்தைப் பாருங்கள்: சுவரோவியக் கேள்வி பதில்

கேள்வி: காஞ்சிபுரம் மரபு நடையில் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். பல்லவர் ஓவியம் என்று வழிகாட்டி காட்டிய இடத்தில் செங்காவிக் கோடுகள்தான் தெரிந்தன. மற்ற வண்ணங்கள் எங்கே போயின?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: பழைய ஓவியங்களைக் கல்லின்மேல் நேராக எழுதுவதில்லை. கல்லில் முதலில் சுண்ணாம்பும் மணலும் கலந்த சொரசொரப்பான சாந்து, அதன்மேல் நயமான சுண்ணாம்புப் பூச்சு, அதற்குமேல்தான் தூரிகை. வடிவத்தை முதலில் காவியால் கோடாக வரைந்துகொள்வார்கள். பூச்சு ஈரமாக இருக்கும்போதே வைத்த நிறம் நிலைக்கும். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது நிறத்துகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பூச்சு காய்ந்தபின் பசை கலந்து தீட்டிய நிறங்களுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. பசை மட்கியதும் நிறம் பொடியாக உதிர்ந்துவிடும். அதனால்தான் கடைசியாகத் தீட்டிய ஆபரணமும் துணி மடிப்பும் முதலில் போகின்றன, முதலில் போட்ட காவிக்கோடு கடைசிவரை நிற்கிறது.

கைலாசநாதர் கோயிலில் இன்னொரு காரணமும் உண்டு. பிற்காலத் திருப்பணிகளில் மேலே சுண்ணாம்புச் சாந்து பூசிவிட்டார்கள். திருச்சுற்றில் வரிசையாக உள்ள சிறு சன்னதிகளில் அடியில் ஓவியம் இருப்பதை 1931-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் கண்டறிந்தார். மேல்பூச்சு பெயரும்போது அடியிலுள்ள நிறத்தையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டுதான் பெயரும். அடுத்த முறை சோமாஸ்கந்தர் (சிவன், உமை, நடுவில் குழந்தை முருகன்) ஓவியத்தின் முன் நிற்கும்போது உருவத்தைத் தேடாமல், பூச்சு உடைந்த விளிம்பைப் பாருங்கள். கல், கரடான சாந்து, வெள்ளைப் பூச்சு, காவி என்று அடுக்கு தெரியும். அதன் பிறகு உருவம் தானாகவே கண்ணில் கூடிவரும். கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் இராஜசிம்மன் விழுப்புரம் மாவட்டப் பனைமலையில் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், குடையின்கீழ் ஒரு காலை மடித்து நிற்கும் உமையைக் கண்டால், காஞ்சியில் நாம் இழந்தது என்ன என்று விளங்கும்.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியத்தின்மேல் நாயக்கர் ஓவியம் இருக்கிறதாமே. ஒன்றைக் கெடுக்காமல் மற்றதை எப்படிப் பார்ப்பது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றுப் பாதையில் நாயக்கர் பூச்சு உதிர்ந்த இடத்தில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே.கோவிந்தசாமி வெளிப்படுத்தினார். நாயக்கர் அடுக்கைச் சுரண்டி எறியாமல் தனியாகப் பெயர்த்தெடுத்துக் கண்ணாடி இழைப் பலகைகளில் ஏற்றியது தொல்லியல் துறையின் பெரிய சாதனை. இரண்டு காலமும் பிழைத்தன. உள்சுற்றுக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. குறுகலான இருட்டுப் பாதை அது. தோள் உரசினாலே சாந்து கொட்டும். ஆகவே வருத்தப்படாதீர்கள், கோயில் வளாகத்திலுள்ள விளக்க மையத்தில் நேரம் செலவிடுங்கள். யானைமேல் சுந்தரரும் குதிரைமேல் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போகும் காட்சியில் முகங்களைக் கவனியுங்கள். முக்கால் பக்கம் திரும்பிய முகம், நிழலால் திரட்டிக் காட்டிய கன்னம். நாயக்கர் கால முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில், அகன்ற கண்ணோடு, அழுத்தமான கோட்டுக்குள் இருக்கும். இந்த ஒரு வேறுபாடு பழகிவிட்டால் எந்தக் கோயிலிலும் ஓரளவு காலம் சொல்லிவிடலாம்.

கேள்வி: திருவாரூர் தியாகராசர் கோயிலிலுள்ள தேவாசிரிய மண்டபத்தின் மேற்கூரை ஓவியத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: பட்டைப் பட்டையாக ஓடும் கதை அது, முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை. காட்சிகளோடு தமிழில் குறிப்பு எழுதியிருக்கிறது. அதுதான் உங்கள் கைத்தடி. முசுகுந்தனுக்குக் குரங்கு முகம், எனவே எந்தக் கூட்டத்திலும் தப்பாது. ஒரே பட்டையில் அவர் நாலைந்து முறை வந்தால் நாலைந்து காட்சிகள் என்று பொருள். காட்சி எங்கே முடிகிறது என்பதை ஒரு தூணோ மரமோ ஆட்கள் முகம் திருப்பி நிற்பதோ சொல்லும். வரைந்த ஓவியர் சிங்காதனம் தன்னையும் பெயரோடு எழுதிவைத்திருக்கிறார், தேடிப் பாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் இருநோக்கி (பைனாகுலர்) ஒன்று கையில் இருந்தால் கழுத்து வலி பாதி குறையும்.

கேள்வி: ஃபிளாஷ் போட்டால் ஓவியம் கெடுமா?
– வாசகர், சேலம்

பதில்: காவி, கரி, சுண்ணாம்பு போன்ற நிறங்கள் ஒரு மின்னலில் வெளுத்துவிடாது. ஆனால் ஃபிளாஷ் நேராக அடித்தால் மேலே பிற்காலத்தில் பூசிய வார்னிஷ் பளபளத்து, படத்தில் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். தடை எழுதியிருந்தால் மறுபேச்சே வேண்டாம். உண்மையில் முதுகுப்பைதான் பெரிய எதிரி. சன்னதிக்குள் நுழையுமுன் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். மங்கலாகத் தெரிகிறதே என்று ஈரத்துணியால் துடைப்பதும் தண்ணீர் தெளிப்பதும் கூடவே கூடாது. நிறம் ஒரு நிமிடம் பளிச்சிடும். நீர் உலரும்போது உள்ளிருக்கும் உப்பை மேலே இழுத்துவந்து பூச்சைத் தள்ளும்.

மங்கிய ஓவியத்தைப் படிக்க, எடுத்த படத்தை டிஸ்ட்ரெட்ச் (DStretch) மென்பொருளில் இட்டுப் பாருங்கள். பாறை ஓவியங்களுக்காக உருவானது; கண்ணுக்குத் தெரியாத காவியைப் பிரித்துக் காட்டும். அது காட்டும் வண்ணம் பொய் வண்ணம், கோடுதான் மெய்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் பழைய ஓவியம் இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு முன் சுத்தம் செய்யப் போகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், திண்டிவனம்

பதில்: உடனே செய்யவேண்டியது படம் எடுப்பது. ஒவ்வொரு படமும் முந்தையதன் மூன்றில் ஒரு பங்கையாவது மீண்டும் காட்டட்டும். சுவரைத் தொடாமல் ஓர் அளவுநாடா ஓரத்தில் தெரியட்டும். மண்டபத்தின் வரைபடத்தைத் தாளில் போட்டு, எந்தச் சுவர் எந்தப் படம் என்று எண்ணிடுங்கள். பிறகு அந்தப் படங்களோடு அறநிலையத்துறைச் செயல் அலுவலருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல் நிற்காது.

திருப்பணிக் குழுவிடம் கேட்கவேண்டியது மூன்று. வெள்ளையடிக்கக் கூடாது. மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் மணல் வீச்சு அறவே கூடாது, அது ஓவியத்தோடு கல்லின் மேற்தோலையும் உரித்துவிடும். பூச்சு விரிசலில் சிமெண்டு வைக்கக் கூடாது. சுண்ணாம்பை விட சிமெண்டு கடினமானது, ஈரத்தை வெளியே விடாது, அதன் உப்பு பக்கத்திலுள்ள பழைய பூச்சில் பூக்கும். எந்தச் சீரமைப்புக்கும் முன் மேல்தளத்தில் நீர் ஒழுகுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மேலே நீர் இறங்கிக்கொண்டிருக்கும்வரை கீழே செய்யும் எதுவும் வீண்.

ஓவியத்தின்மேல் தெரியும் வெள்ளை, பழைய சுண்ணாம்படிப்பா உப்பா என்று குழப்பம் வரும். சுண்ணாம்படிப்பு தட்டையாக, தூரிகைத் தடத்தோடு இருக்கும். உப்பு பஞ்சுபோல, ஊசிபோல முளைத்திருக்கும். மழைக்காலம் முடிந்து சுவர் காயும்போது கூடும். இரண்டையும் நீங்கள் சுரண்ட வேண்டாம், எது என்று மட்டும் மனுவில் குறிப்பிடுங்கள்.