உப்பை அளந்தீர்களா? கடல் இறால் கேள்வி பதில்

மாரி தொடங்கினால் கடிதங்களும் கூடிவிடும், பாதிக்கு மேல் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்த்துச் செத்த இறால் பற்றித்தான்.

கே: காலையில் பார்த்தால் கிளீனர் இறால் (மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் சிறு இறால்) வெள்ளையாக, அசையாமல் கிடக்கிறது. செத்துவிட்டதா? (கல்முனை)

ப: தூக்கிப் பாருங்கள். உள்ளே வெறுமை என்றால் அது கழற்றிய கோது. புதுக்கோது இறுகும்வரை ஓரிரு நாள் இறால் ஒளிந்திருக்கும், கல்லைப் புரட்டித் தேடாதீர்கள்.

கே: வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தில் அள்ளிய தண்ணீரில் விட்ட மூன்று கிளீனர் இறாலும் இரண்டு நாளில் செத்தன. கடைக்காரர் நோயுள்ளதைத் தந்துவிட்டாரா? (கல்லடி)

ப: எந்த மாதம் அள்ளினீர்கள், உப்பு எவ்வளவு இருந்தது, இரண்டையும் எழுதவில்லை. அதை அளக்காமல் கடைக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை. வருடா வருடம் இதே கடிதம் வருகிறது, எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, ஏனென்றால் சாகத் தேவையில்லாத உயிர்கள் இவை. மாரியில் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணலை வெட்டிவிட்டதும் வாவியில் நிறைந்த மழைவெள்ளம் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது, அங்கே நின்று அள்ளினால் வாளியில் பாதி மழைத் தண்ணீர். வாவியில் பிடித்துக் கறிவைக்கும் இறால் அதைத் தாங்கும், பவளப்பாறையில் வாழும் கிளீனர் இறால் தாங்காது. அதற்கு லீட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு வேண்டும், தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.025 பக்கம். நவம்பர் முதல் ஜனவரி வரை அள்ளவே வேண்டாம். மழைக்கு முன்பே, முகத்துவாரத்திலிருந்து தள்ளிப் போய் அள்ளி, துணியில் வடித்து, மூடிய பீப்பாயில் வையுங்கள். இல்லையென்றால் மீன்தொட்டிக்கென்று விற்கும் கடலுப்பைக் கரையுங்கள், சமையல் உப்பு ஆகாது. அப்புறம், வாங்கிய இறாலைப் பையிலிருந்து நேரே தொட்டிக்குள் கொட்டாதீர்கள். மெல்லிய குழாயால் ஒன்றரை மணி நேரம் துளித்துளியாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து பழக்குங்கள்.

கே: மீனுக்கு வெள்ளைப்புள்ளி. செம்பு மருந்து ஊற்றலாமா? (அக்கரைப்பற்று)

ப: இறால் இருக்கும் தொட்டியில் ஒரு சொட்டும் கூடாது. மீனை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தியம் பாருங்கள். செம்பு கல்லிலும் மணலிலும் ஊறி நிற்கும்.

கே: வற்றும் தண்ணீருக்குக் கடல் தண்ணீரையே ஊற்றுகிறேன், சரிதானே? (திருக்கோவில்)

ப: பிழை. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். குளோரின் இல்லாத நன்னீர் ஊற்றுங்கள், கச்சான் காற்று வீசும் நாட்களில் தினமும். உப்பை அளந்து பாருங்கள்.

கே: சோடி என்று வாங்கிய பொக்சர் இறாலில் ஒன்று மற்றதன் கால்களைப் பிடுங்கிவிட்டது. (வாழைச்சேனை)

ப: அது சோடியில்லை. இன்றைக்கே பிரியுங்கள். கோது கழற்றும்போது கால் மீண்டும் முளைக்கும்.

கே: கிளீனர் இறால் வயிற்றில் பச்சை முட்டை சுமக்கிறது, ஆனால் குஞ்சு ஒன்றும் மிஞ்சுவதில்லை. எது ஆண், எது பெண்? (ஏறாவூர்)

ப: ஆண் பெண் தேடாதீர்கள். வளர்ந்த கிளீனர் இறால் ஒவ்வொன்றும் இரண்டுமாக இருக்கும், எந்த இரண்டும் சோடி சேரும். இரண்டு வாரம் அளவில், விளக்கணைத்த பிறகு பொரிக்கும். விடிவதற்குள் கொஞ்சத்தை மீன் தின்றுவிடும், மீதியை பில்டர் இழுத்துவிடும். முட்டைக்குள் கண் தெரியத் தொடங்கியதும் இரவில் மோட்டாரை நிறுத்தி ஒரு மூலையில் டோர்ச் பிடியுங்கள், குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்து கூடும். வலை வேண்டாம், குவளையால் அள்ளி, மெதுவாகக் காற்று விடும் தனித் தொட்டியில் விட்டு, அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய உயிரி) கொடுங்கள். இதுவரை எளிது. ஆனால் இந்த இனத்தின் குஞ்சு இறாலாக உருமாற மாதக்கணக்கில் மிதந்து திரியும், பெரும்பாலானவை அந்தக் காலத்தில்தான் சாகும். அந்தத் தொட்டியிலும் தினமும் உப்பை அளவுங்கள், சின்னத் தொட்டியில் ஒரே நாளில் ஏறிவிடும்.