கொழுப்பை எரிக்கும் கொழுப்பாகக் குளிசையால் மாற்ற முடியுமா?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் என் அக்காவுக்குப் பெயர் விவரம் எதுவுமில்லாத குளிசைப் போத்தல் ஒன்றைக் கொடுத்துள்ளார். வெள்ளைக் கொழுப்பைக் கபிலக் கொழுப்பாக மாற்றி உடலை மெலியச் செய்யுமாம். அக்காவுக்கு நீரிழிவும் உண்டு. இதில் உண்மை உள்ளதா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை.

பதில்: அந்தப் போத்தலை அக்கா திறக்கவே வேண்டாம். உறவினர் சொன்னதன் பின்னாலுள்ள அறிவியல் பொய்யல்ல. ஆனால் அது இன்னும் குளிசையாகவில்லை.

வெள்ளைக் கொழுப்புக் கலத்தில் ஒரே பெரிய எண்ணெய்த் துளி கருவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு இடம் முழுவதையும் அடைத்திருக்கும். கபிலக் கொழுப்புக் கலத்திலோ சிறு துளிகள் பல இருக்கும். அவற்றினிடையே, கலத்துக்குச் சக்தி தரும் நுண்ணுறுப்புகளான இழைமணிகள் நெருங்கியிருக்கும். அவற்றிலுள்ள இரும்பே அந்நிறத்தைத் தருகிறது. அங்குள்ள யூசிபி-1 என்னும் புரதம், சக்தியைச் சேமிக்க விடாமல் வெப்பமாக வெளியேற்றுகிறது. பச்சைக் குழந்தை குளிரில் நடுங்காமலேயே சூடு காப்பது தோள்பட்டை எலும்புகளுக்கிடையிலுள்ள இக்கொழுப்பால்தான். வளர்ந்தவர்களின் கழுத்திலும் காறை எலும்பருகிலும் அது தொழிற்படுவதை 2009ஆம் ஆண்டு ஆய்வுகள் உறுதிசெய்தன. அதைத் தூண்டுவது குளிர். திருகோணமலை வெயிலில் அந்தத் தூண்டல் அரிது என்பதாலேயே குளிசை வழி நம்மை ஈர்க்கிறது.

குளிசையாகக் கொடுக்கத்தக்க சிறுமூலக்கூறு மருந்துகள் குடலைக் கடந்து கலத்தினுள் நுழையக்கூடியவை. 2014இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள், மூட்டுவாதத்துக்கு வழங்கப்படும் டோஃபாசிட்டினிப் உட்பட இரு சேர்மங்களால், ஆய்வுகூடத்தில் வளர்த்த மனித வெள்ளைக் கொழுப்புக் கலங்களைக் கபிலக் கலங்களைப் போல் இயங்க வைத்தனர். வியக்கத்தக்க வேலை அது. ஆயினும் அம்மருந்து நோயெதிர்ப்பைத் தணிப்பது. ஏற்கெனவே தொற்றுக்கு எளிதில் ஆளாகும் நீரிழிவு நோயாளிக்கு மெலிவதற்காக அதைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. கபிலக் கொழுப்பைத் தூண்டக்கூடிய சிறுநீர்ப்பை மருந்தான மிராபெக்ரான் 200 மில்லிகிராம் கொடுக்கப்பட்ட 12 ஆரோக்கியமான இளைஞர்களில், ஓய்வுநிலைச் சக்திச் செலவு நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோகலோரி அளவுக்குக் கூடியதாக 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. அது ஒரு கோப்பைச் சோற்றின் சக்திதான். வழக்கமான உச்ச அளவோ 50 மில்லிகிராம். இதயத் துடிப்பும் கூடியது.

என்னை உண்மையில் அஞ்சவைப்பது டைநைட்ரோபீனோல் என்னும் பொருள். யூசிபி-1 கபிலக் கொழுப்பில் மட்டும் செய்வதை இது உடலின் எல்லாக் கலங்களிலும் செய்துவிடும். 1930களில் அமெரிக்காவில் மெலியும் மருந்தாகப் பரவிய அது, கண்புரையையும், உடல் கொதித்து நேர்ந்த மரணங்களையும் விளைவித்ததால் 1938இல் அங்கே தடுக்கப்பட்டது. இன்றும் இணையத்தில் கள்ளமாக விற்கப்படுகிறது. பெயரில்லாத போத்தலுக்குள் அதுவும் இருக்கலாம்.

அக்கா ஏற்கெனவே விழுங்கியிருந்து, கடும் வியர்வை, உடற்சூடு, படபடப்பு, மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும், மறுநாள் கிளினிக் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.