ஹாலண்ட் 1: கடலிலிருந்து எடுத்த பிறகு வந்த ஆபத்து – கேள்வி பதில்

பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கிக் கப்பலான ஹாலண்ட் 1 பற்றி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

பள்ளி ஆசிரியை: இது எந்தப் போரில் மூழ்கியது ஐயா?

போரிலேயே இல்லை அம்மா. 1901-இல் இங்கிலாந்தின் பாரோ நகரில் நீரில் இறக்கினார்கள். வடிவமைத்தவர் அயர்லாந்தில் பிறந்த ஜான் பிலிப் ஹாலண்ட். பன்னிரண்டே ஆண்டுகளில் பழசாகிப்போய், 1913-இல் 410 பவுண்டுக்குப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். உடைக்கும் இடத்துக்கு இழுத்துப் போகும் வழியில் மோசமான வானிலையில் சிக்கி, எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்கு அருகே மூழ்கியது. உள்ளே யாரும் இல்லை. 1981-இல் கடலில் கண்ணிவெடிகளைத் தேடும் கப்பல் ஒன்று அதைக் கண்டுபிடித்தது, 1982-இல் மேலே தூக்கினார்கள்.

கல்லூரி மாணவர்: உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள்?

எட்டுப் பேர். மொத்த நீளமே ஏறத்தாழ 19 மீட்டர்தான், தம்பி. மேற்பரப்பில் ஓடப் பெட்ரோல் எஞ்சின், அடியில் ஓடப் பேட்டரி. மூடிய குழாய்க்குள் பெட்ரோல் புகை எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். அக்காலத்து நீர்மூழ்கிகளில் வெள்ளை நிறச் சுண்டெலிகளைக் கூண்டில் வைத்திருந்தார்கள். நச்சுக்காற்று சேர்ந்தால் மனிதனுக்கு முன்னால் எலி துவண்டுவிடும்.

வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்: துருவைச் சுரண்டி, நல்ல பெயின்டாக அடித்து வைத்தால் தீராதா?

ஏறக்குறைய அப்படித்தான் செய்தார்கள், அண்ணே. துருத்தடுப்பு மருந்து பூசி 1983-இல் காட்சிக்கு வைத்தார்கள். பத்தே ஆண்டுகளில் உடல் உதிரத் தொடங்கியது. கடலோர வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் கொப்புளம் கிளம்பும், விரலால் அழுத்தினால் செதிலாகப் பெயர்ந்து வரும். எழுபது ஆண்டுக் கடல்வாசத்தில் உப்பின் குளோரைடு துருப்படலங்களுக்கு அடியில், உலோகத்தை ஒட்டியே குடியேறிவிடுகிறது. கடலடியில் ஆக்சிஜன் எளிதில் எட்டாததால் அரிப்பு மெதுவாக நடக்கிறது. வெளியே வந்ததும் காற்றும் ஈரமும் சேர்ந்து அதே குளோரைடை வெறியோடு வேலை செய்ய வைக்கின்றன. அரிப்பு முற்றிய இரும்பில் தேன் நிறத்தில் சிறுசிறு துளிகள் அரும்பி நிற்கும். இரும்பு கண்ணீர் விட்டு அழுகிறது என்று, பழம்பொருள்களைப் பாதுகாக்கும் எங்கள் தொழிலில் சொல்வோம். அந்தத் துளியைப் பார்த்துவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அதே பட்டறைக்காரர்: பிறகு எப்படிக் காப்பாற்றினார்கள்?

கப்பலை நகர்த்தாமல் அதைச் சுற்றியே கண்ணாடி இழைத் தொட்டி கட்டி, 1995-இல் சோடியம் கார்பனேட் கரைசலில் மூழ்கடித்தார்கள். நம் வீட்டுச் சலவைச் சோடாதான் அது. காரத்தன்மை உள்ள நீரில் இரும்பு மேலும் துருப்பிடிக்காது, உப்பு மட்டும் கசிந்து வெளியேறும். அவசரப்படுத்தினால் நடக்காது, ஆண்டுக்கணக்கில் ஊற வேண்டும். கடலிலிருந்து எடுத்த கப்பல் மறுபடி தண்ணீருக்குள் போனதால்தான் பிழைத்தது.

மாணவி: அப்படியானால் கடலிலேயே விட்டிருக்கலாமே?

நியாயமான கேள்வி. இதன் உடன்பிறப்பான ஹாலண்ட் 5 அப்படித்தான் கிடக்கிறது. 1912-இல் இங்கிலாந்தின் தென்கரையில் பீச்சி ஹெட் முனைக்கு அப்பால் மூழ்கியது, 2005-இல் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. ஆனாலும் அதன் டார்பிடோ குழாயின் மூடியைத் திருடிவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இருந்தும் என் கருத்து மாறவில்லை: தொட்டியும், ஆளும், பல ஆண்டுகளுக்கான பணமும் கையில் இல்லாமல் எதையும் மேலே தூக்கக் கூடாது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்க் காலத்து ஹன்லி நீர்மூழ்கியை 2000-இல் எடுத்தபோது, அதற்கான தொட்டி முன்கூட்டியே தயாராக இருந்தது.

மாணவி: ஹாலண்ட் 1-ஐ நேரில் பார்க்க முடியுமா?

முடியும். இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் உள்ள நீர்மூழ்கி அருங்காட்சியகத்தில், அதற்கென்றே 2001-இல் கட்டிய கூடத்தில் இருக்கிறது. காற்றின் ஈரத்தை அளவோடு வைத்திருக்கிறார்கள். உள்ளேயும் நுழைந்து பார்க்கலாம். தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.