வீட்டுக்குள் வந்த சரித்திரம்

கேள்வி: சென்ற இதழில் அயர்லாந்துப் பெண் கவிஞர்களைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். நாட்டின் துயரைப் பாட அந்நாட்டுக் கவிஞர்களான யேட்ஸும் ஹீனியும் இருக்க, வீடு, கணவன், இழப்பு என்று புலம்பும் கவிதைகளுக்கு இத்தனை பக்கங்கள் தேவையா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இதே நினைப்பில்தான் 1991-இல் அயர்லாந்து இலக்கியத்தின் மாபெரும் தொகைநூலை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். பெண்களுக்கு அதில் கிடைத்த இடம் மிகச் சொற்பம் என்று கண்டனம் எழுந்ததால், அவர்களுக்கென்றே மேலும் இரண்டு பெருந்தொகுதிகள் 2002-இல் வெளிவந்தன. விடுபட்டது எவ்வளவு என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம்.

புலம்பல் என்கிறீர்கள். புராட்டஸ்டன்ட் ஒருவர் ஐந்து பவுண்டை நீட்டினால் கத்தோலிக்கர் தம் குதிரையைக் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் இருந்த காலத்தில், அப்படிக் கொடுக்க மறுத்ததால் மூண்ட பகையில், 1773-இல் கார்க் மாவட்டத்தில் ஆர்ட் ஓ லீரி சுட்டுக் கொல்லப்பட்டதாகச் சொல்வார்கள். அவர் மனைவி எவ்லீன் துவ் பாடியதாக வழங்கும் ஒப்பாரியில், அவள் கணவனின் இரத்தத்தைத் துடைக்கவில்லை. உள்ளங்கையில் அள்ளிக் குடிக்கிறாள். ஏட்டில் ஏறும்வரை அந்தப் பாடலை வாய்வழியாகக் காத்தவர்களும் ஒப்பாரி வைக்கும் பெண்களே. அந்தச் சட்டம் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொன்ன சரித்திர நூலை நான் படித்ததில்லை.

அயர்லாந்துப் பெண் கவிஞர் ஈவன் போலண்டுக்கு வருவோம். தூதரின் மகளாக லண்டனில் வளர்ந்து, 'நீ இப்போது அயர்லாந்தில் இல்லை' என்று பள்ளி ஆசிரியை கண்டித்ததையும் கவிதையாக்கிய அவர், தம் இல்லறத்தைப் பற்றி எழுதிய கவிதைத் தொடரின் நடுவே 1847-ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கொண்டுவந்து வைக்கிறார். ஏழைகளை அடைத்து வைத்த விடுதியிலிருந்து ஒருவன், காய்ச்சலில் நடக்க முடியாத மனைவியை முதுகில் சுமந்து, உறைபனியில் வடக்கு நோக்கி நடக்கிறான். விடிந்தபோது இருவரும் பிணமாகக் கிடக்கிறார்கள். அவளுடைய பாதங்கள் அவன் நெஞ்செலும்போடு அணைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. தன் உடம்பில் மிஞ்சிய கடைசிச் சூட்டை அவளுக்குக் கொடுத்திருக்கிறான். காதல் கவிதை எதுவும் இந்த வாசலுக்கு வர வேண்டாம் என்று கவிஞர் தடுத்துவிடுகிறார். இது கணவன் மனைவி கதையா, நாட்டின் துயரா? பிரித்துக் காட்ட முடிந்தால் எழுதி அனுப்புங்கள், அவசியம் வெளியிடுகிறேன்.

போலண்டின் கவிதைகள் எல்லாமே இந்த உயரத்தில் இல்லை. சிலவற்றில் விளக்கம் கவிதையை முந்திக்கொள்கிறது. அதைக் குறையாகச் சொல்லியிருந்தால் உங்களோடு சேர்ந்தே பேசியிருப்பேன்.