சட்டம் கேளுங்கள்: தெருவில் கஞ்சா கும்பல், எது சாட்சியம்?

பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டு வாசலில் ராத்திரியானால் கும்பல் கூடுகிறது. கஞ்சா வாடை, கூச்சல், போகிற வருகிற பெண்களிடம் வம்பு. ஸ்டேஷனில் போய்ச் சொன்னால் "ஆதாரம் கொண்டு வாங்க" என்கிறார்கள். என்ன கொடுப்பது?

இதில் இரண்டு வழக்குகள் கலந்து கிடக்கின்றன. கஞ்சா வழக்கு போலீஸ் வேலை. பொருளைக் கைப்பற்றி, மாதிரி எடுத்து, தடய அறிவியல் ஆய்வக அறிக்கை வந்தால்தான் நிற்கும். வாடை அடித்தது என்ற சாட்சியம் மட்டும் போதாது. கீழே கிடக்கும் பொட்டலத்தை நீங்களே எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விடாதீர்கள். யாருடையது என்பதைக் காட்ட வழியிருக்காது, பொருளும் உங்கள் கையில் இருக்கும்.

பொதுத் தொல்லை வேறு. அங்கே புகைத்தது கஞ்சாவா பீடியா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதிய சட்டத்தின் 152-வது பிரிவு இருக்கிறது. மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுங்கள். பொது வழியிலும் பொது இடத்திலும் உள்ள தொல்லையை அகற்ற அவர் உத்தரவிடலாம். அதனால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று ஊகித்து எழுதாமல், தெருவில் கண்டதை மட்டும் எழுதுங்கள்.

"தினமும் தொல்லை" என்ற வரிக்கு மதிப்பில்லை. ஒரு நோட்டுப் போட்டு அன்றன்றே குறியுங்கள்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எங்கே நின்று பார்த்தீர்கள், தெருவிளக்கு எரிந்ததா, வண்டி எண், உடன் பார்த்தவர் யார். குறுக்கு விசாரணையில் முதலில் வருவது அந்தத் தெருவிளக்குக் கேள்விதான். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் பக்கத்து வீட்டுச் சண்டை என்று தள்ளிவிடுவார்கள். நாலைந்து வீட்டார் தனித்தனியாக, அவரவர் வார்த்தையில் எழுதட்டும். ஒரே வாசகத்தில் ஜெராக்ஸ் போட்டால் அதுவே எதிராளிக்கு லாபம். புகார் கொடுத்த ஒவ்வொரு முறையும் சி.எஸ்.ஆர். ரசீதை (புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது) கேட்டு வாங்கி மனுவோடு இணையுங்கள்.

சிசிடிவி பதிவு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா?

போதாது. வாட்ஸ்அப்பில் போகும்போது வீடியோ சுருங்கி வேறு கோப்பாகிவிடும். டி.வி.ஆர். (கேமரா காட்சியைப் பதியும் பெட்டி) பழைய பதிவின் மேலேயே எழுதிக்கொண்டு போகும், ஆகவே சம்பவம் நடந்த வாரத்திலேயே பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். கூடவே டி.வி.ஆர். கடிகாரத்தைக் கைபேசியோடு ஒப்பிட்டு, எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று நோட்டில் எழுதுங்கள். நகலைத் தாக்கல் செய்ய பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதன் 'ஏ' பகுதியில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும், 'பி' பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்ணான ஹாஷ் மதிப்பும் இருக்க வேண்டும்.

வீட்டு உரிமையாளர் வெளியூர். "எனக்கு எதுவும் தெரியாது" என்கிறார். எங்கள் பெயர் வெளியே வராமல் செய்ய முடியுமா?

போதைப்பொருள் சட்டம் 25-வது பிரிவு, தெரிந்தே இடம் கொடுத்த உரிமையாளரையும் பிடிக்கும். அந்தத் 'தெரிந்தே'யைக் காட்டத்தான் கடிதம் வேண்டும்: தேதிவாரியாக நடந்ததை எழுதி, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை தெரியாது என்று சொல்வது கடினம்.

பெயர் விஷயத்தில் வழி இரண்டுதான். போதைப்பொருள் தகவலுக்கான உதவி எண் 1933-க்கு ரகசியமாகத் தகவல் தரலாம். தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது, போதைப்பொருள் சட்டத்தின் 68-வது பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் 152 மனுவில் எதிர்த்தரப்பு ஆஜராகி ஆட்சேபித்தால் கோட்டாட்சியர் முறைப்படி சாட்சியம் எடுப்பார். கூண்டேற மனமில்லாதவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள்.